கட்டிலில் படுக்கும் ஓட்டக்காரி
விப்பெற் நாயை வீட்டில் வளர்த்தல்



நாயைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். இடம்பெயர்ந்த நாங்கள் விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கதைப்போம், காணியைப் பற்றிக் கதைப்போம், அடைவு வைத்த நகையைப் பற்றியும் கதைப்போம். விட்டுவந்த மாட்டையும் நாயையும் பற்றிக் கதைப்பது குறைவு. மனிதரையே பறிகொடுத்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நாய்க்காக அழுவது எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் நின்றது. 2009 தை மாதம் நாங்கள் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரத்தில் அம்மா, அக்கா, அக்காவின் ஆறு வயது மகன், நான், இன்னும் இரண்டு குடும்பங்கள். நாய்க்கு இடமில்லை. பெடியனை மூட்டைகளுக்கு மேல் ஏற்றிவிட்டு, கடைசியாக நான் வளவுக்குள் போய் மணியின் சங்கிலியைக் கழற்றினேன். அது பின்னால் ஓடி வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. படலையடியில் இருந்தபடி எங்களையே பார்த்தது. "சித்தி, மணி வராதோ?" என்று பெடியன் கேட்டான். "பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவம்" என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அதன்பின் மெனிக் பாம் முகாமிலும் சரி, வெளியே வந்த பிறகும் சரி, அவன் மணியின் பெயரை எடுக்கவே இல்லை.

2011ஆம் ஆண்டு அக்காவும் மகனும் அத்தானிடம் இங்கிலாந்துக்குப் போனார்கள். வட பகுதியில், யோர்க்ஷயரில், முன்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஒரு சிறு நகரம். அங்கே அவர்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்த கதைதான் இது.

மான்குட்டி போல ஒரு நாய்

2013இல் ஒரு நாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். "தங்கச்சி, வீட்டுக்கு ஒரு நாய் வந்திட்டுது. நாயெண்டும் சொல்லேலாது, மான்குட்டி மாதிரி. விலா எலும்பு தெரியுது. நாங்கள் சாப்பாடு போடேல்லையெண்டு சனம் நினைக்கப் போகுது!"

அதுதான் விப்பெற் இனம். ஒடுங்கிய நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, உள்ளே ஒட்டிய வயிறு, மெல்லிய நீண்ட கால்கள். உயரம் தோள்மட்டத்தில் ஏறத்தாழ 44 முதல் 51 சென்ரிமீற்றர். எடை பொதுவாக 11 முதல் 18 கிலோ வரை. ஆரோக்கியமான விப்பெற்றுக்கு இரண்டொரு விலா எலும்பு தெரிவது வழமைதான், பட்டினி அல்ல. 12 முதல் 15 வருடம் வரை வாழக்கூடியது. முழு வேகத்தில் மணிக்கு 55 கிலோமீற்றர் அளவில் ஓடும். அப்படி ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்பும்.

இது மோப்பத்தை விடக் கண்பார்வையையே நம்பி வேட்டையாடும் இனம். தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உடலமைப்பு புதிதாகத் தெரியாது. அவையும் மெலிந்த உடலோடு முயலைத் துரத்திப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவையே.

ஏழையின் பந்தயக் குதிரை

அந்த நாய் அக்காவின் அயல்வீட்டு மூதாட்டியுடையது. பெயர் பெஸ். நான்கு வயதுப் பெண் நாய். அந்த அம்மாவின் கணவர் சுரங்கத் தொழிலாளி, இறந்துவிட்டார். அவரும் தள்ளாமையால் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாயை அங்கே விடமாட்டார்கள். மதிலுக்கு மேலால் நாயைத் தடவிக் கொடுக்கும் பெடியனை அவர் பல நாளாகப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வந்து அக்காவிடம் கேட்டாராம், "இவளை வைத்திருப்பாயா?" என்று.

அவர் வழியாகத்தான் அக்காவுக்கு இந்த இனத்தின் கதை தெரியவந்தது. அக்கா எனக்குச் சொன்னாள். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வட பகுதிச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வளர்த்தெடுத்த இனம் இது. பெரிய கிரேஹவுண்ட் நாயைப் பராமரிக்க அவர்களிடம் இடமுமில்லை, காசுமில்லை. ஆகவே சிறிய கிரேஹவுண்டுகளை டெரியர் இன நாய்களோடு கலந்தார்கள். பின்னர் இத்தாலியன் கிரேஹவுண்டின் கலப்பும் சேர்ந்தது. கிடைத்தது சின்ன உடம்பு, குறைந்த தீனி, மின்னல் வேகம். வார நாட்களில் முயல் பிடித்துக் கொடுத்துக் கறிச்சட்டியை நிரப்பியது. ஓய்வு நாளில் பந்தயத்தில் ஓடியது. அதனால்தான் அதற்கு ஏழையின் பந்தயக் குதிரை என்று பெயர் வந்தது.

அந்தப் பந்தயத்துக்குச் செலவு கிடையாது. 200 யார், அதாவது சுமார் 183 மீற்றர் நீளமான ஒரு நேர்ப்பாதை போதும். ஒரு முனையில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுமுனையில் அதன் வீட்டுக்காரர் ஒரு துணியை ஆட்டிக் கூப்பிடுவார். துணிப் பந்தயம் என்றே அதைச் சொன்னார்கள். நல்ல நாய் 12 செக்கன் அளவில் ஓடி முடிக்கும். எடை குறைந்த நாய்க்குச் சில யார் முன்னால் நின்று தொடங்க விடுவார்கள். பணம், கோப்பை எதுவும் நாய்க்குத் தெரியாது. தன் வீட்டு மனிதரின் குரலை நோக்கித்தான் அது ஓடியது.

அந்த ஓட்டக்கார நாய்களில் பல வீட்டுக்குள்ளேயே வளர்ந்தன. சிறிய தொழிலாளர் வீடுகளில், நெருப்படியில், பிள்ளைகளின் நடுவில் படுத்தன. ஆலைத் தொழிலாளர் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக்குப் பிழைக்கப் போனபோது இந்த நாய்களையும் கொண்டு போனார்கள். புலம்பெயர்ந்தவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

1888இல் அமெரிக்க நாய்வளர்ப்புச் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றது. 1899இல் இங்கிலாந்தில் விப்பெற் கழகம் உருவானது. உலகப் புகழ்பெற்ற கிரவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியில் 1992, 2004, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் விப்பெற் நாய்களே முதலிடம் பெற்றன. சுரங்கத் தொழிலாளியின் அடுப்படி நாய் இப்படி மேடையேறியது.

அந்த மூதாட்டி 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை ஏறத்தாழ ஒரு வருடம் சம்பளம் இல்லை. ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து பொதுச் சமையல் நடத்தித்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவரும் அந்தச் சமையலில் நின்றவர். பின்னர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. யோர்க்ஷயரின் கெல்லிங்லி சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டதோடு பிரித்தானியாவில் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழிலே முடிந்துவிட்டது. "சுரங்கம் போயிட்டுது, மனிசர் போயிட்டினம், நாய் மட்டும் மிஞ்சியிருக்கு எண்டு மனிசி சொல்லுறா" என்றாள் அக்கா. முகாமில் பொதுக் கிடாரத்தில் சமைத்துப் பழகிய அக்காவுக்கு அந்த மனிசியோடு ஒட்டிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. பெஸ்ஸை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளே நாயா?

முதல் பிரச்சினை இதுதான். எங்கள் ஊர்களில் நாய் முற்றத்தோடு நிற்கும். தாழ்வாரத்தில் படுக்கும். வீட்டுக்குள்ளே, அதுவும் சாமிப் படம் வைத்த வீட்டுக்குள்ளே, விட மனம் வராது. ஆனால் விப்பெற்றை வெளியே விட முடியாது. அதன் மயிர் குட்டை, தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. குளிரில் நடுங்கிப்போகும். குளிர் நாளில் நடக்கக் கூட்டிப்போகும்போது கம்பளிச் சட்டை போட வேண்டும். வன்னியில் இருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நாய்க்குச் சட்டையோ?" என்று ஒரு கிழமை சிரித்தா.

அக்கா ஒரு ஒழுங்கு செய்தாள். சாமிப் படங்களை மேல்மாடியில் ஒரு சின்ன அறைக்கு மாற்றினாள். அந்தக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். குசினிக்குள்ளும் நாய் வரக்கூடாது. மற்ற இடமெல்லாம் அதற்கு. கட்டிலில் ஏறக்கூடாது என்ற சட்டம் மூன்று நாள்தான் நின்றது. நாலாம் நாள் காலை பார்த்தால் பெஸ் பெடியனின் போர்வைக்குள் கிடந்தது. விப்பெற் வளர்த்தவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்: வெளியே பத்து நிமிடம் புயல், வீட்டுக்குள்ளே நாள் முழுக்கப் பூனை.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

அக்கா பட்டுப் பட்டுப் படித்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஓட்டம்: ஒரு நாளில் இரண்டு தடவையாக மொத்தம் ஒரு மணித்தியாலம் அளவில் நடக்க வேண்டும். இடையிடையே வேலி அடைத்த இடத்தில் ஓட விட வேண்டும். வீதிக்குப் பக்கத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பூனையோ முயலோ ஓடினால் இதற்குக் காது கேட்காது, வாகனமும் தெரியாது.

கழுத்துப் பட்டி: தலை ஒடுங்கியது என்பதால் சாதாரணப் பட்டியில் இருந்து இலகுவாக நழுவிவிடும். அகலமான, இழுத்தால் அளவாக இறுகும் பட்டி தேவை.

தோல்: முட்கம்பி, பற்றை பட்டால் கிழிந்துவிடும். சின்னக் காயம் என்று விடாமல் கழுவிப் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்து: சத்திரசிகிச்சை என்றால் இது விப்பெற் என்பதை மிருக வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கொழுப்புக் குறைந்த இந்த வகை நாய்கள் சில மயக்க மருந்துகளில் இருந்து தெளிய நெடுநேரம் எடுக்கும்.

உணவு: எங்கள் சாப்பாட்டில் மிஞ்சியதை அப்படியே போடுவது எந்த நாய்க்கும் நல்லதல்ல. வெங்காயம், உள்ளி, சொக்கலேற், பாயாசத்துக்குப் போடும் முந்திரிகை வற்றல் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

குணம்: மென்மையான மனம். உரத்துப் பேசினாலே ஒடுங்கிப்போகும். அடித்து வளர்க்க முடியாத நாய். பிள்ளைகளோடு நன்றாகச் சேரும். என்றாலும் படுத்திருக்கும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாதென்று பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். நெடுநேரம் தனிமையில் விடுவதும் ஆகாது.

காவல்: இதற்குச் சரிவராது. அதிகம் குரைக்காது. புதியவரைக் கண்டாலும் வாலை ஆட்டும். தனியே இருக்கும் பெண் காவலுக்கென்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

செலவு: இங்கிலாந்தில் மிருக வைத்தியச் செலவு மிக அதிகம். அதற்கென மாதந்தோறும் காப்புறுதிப் பணம் கட்டுவோர் பலர். 2016 ஏப்ரல் முதல் அங்கே எல்லா நாய்களுக்கும் தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைப்பது கட்டாயம். வெளியே போகும்போது உரிமையாளரின் பெயரும் விலாசமும் கழுத்துப் பட்டியில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வேகத்துக்காக மட்டும் நாயை வளர்ப்பதன் தீமையையும் அறிந்து வைப்பது நல்லது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் சில விப்பெற்றுகளுக்கு மாற்றம் இருப்பதை 2007இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அந்த மாற்றம் ஒரு பங்கு இருந்தால் நாய் வேகமாக ஓடும். தாய், தகப்பன் இரண்டிலிருந்தும் வந்து இரண்டு பங்கானால் உடம்பு முறுக்கேறிப் பருத்து, விப்பெற்றின் சாயலே இல்லாத நாய் பிறக்கும்.

வாண இரவு

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்தில் வாணவேடிக்கை நாள். அவர்களுக்கு அது கொண்டாட்டம். எங்கள் பெடியனுக்கு 2011இலும் 2012இலும் அது செல்லடி. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அலுமாரிக்குள் போய், காதைப் பொத்திக்கொண்டு, இரவு முழுக்க வெளியே வரமாட்டான். அக்காவும் வெளியே நிலத்தில் இருந்தபடி விடிய விடிய அழுவாள்.

2013இல் முதல் வாணம் வெடித்ததும் பெஸ் உடம்பெல்லாம் நடுங்க அங்குமிங்கும் ஓடியது. பிறகு அவன் ஒளிக்கும் அதே அலுமாரிக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. பெடியன் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னாலே போனான். அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். அவன் தமிழில் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. இது வாணம். இஞ்ச ஒருத்தரும் அடிக்கேல்லை."

நாங்கள் அவனுக்கு ஆயிரம் தடவை சொன்ன சொல் அது. அன்றுதான் அவன் வாயில் இருந்து வந்தது.

நாய் வந்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே. பாடசாலை மூலம் கிடைத்த உளவளத்துணைக்கு அவன் வருடக்கணக்காகப் போனான். மனக்காயத்துக்கு நாய் மருந்தல்ல. ஆனால் தன்னைவிடப் பயந்த ஓர் உயிர் பக்கத்தில் இருந்தபோது, அந்தப் பிள்ளைக்குப் பெரியவனாக இருக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. காலையில் எழும்ப ஒரு காரணம் கிடைத்தது. நாயோடு நடக்கப் போனதால் அக்காவுக்கும் வீதியில் நாலு பேரின் அறிமுகம் வந்தது. கிழமைக்கு ஒருமுறை பெஸ்ஸை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போய் அந்த மூதாட்டிக்குக் காட்டினாள், அவர் கண்மூடும் வரைக்கும்.

எங்கள் வளவில்

இதை வாசித்துவிட்டு விப்பெற் தேட வேண்டாம். காசு கொடுத்து வெளிநாட்டு இனம் வாங்குவதை விட, ஒழுங்கையில் நிற்கும் ஊர்க் குட்டி ஒன்றுக்குச் சோறு வைத்தால் அது எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நாய். படலையில் ஆள் வந்தால் குரைக்கவும் செய்யும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பிரித்தானியாவில் நாய்களிடையே விசர்நாய் நோய் இல்லை. எங்கள் நாட்டில் உண்டு. நோயின் குறிகள் தென்பட்ட பிறகு மனிதரைக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். ஆகவே வளர்ப்பு நாய்க்கு வருடந்தோறும் தடுப்பூசி போடுங்கள். அரசாங்கம் நடத்தும் தடுப்பூசி நாட்களில் இது இலவசம். எப்போது, எங்கே என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

பெண் குட்டியென்று தெருவில் விடாமல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். கோயில் திருவிழாவிலும் வருடப்பிறப்பிலும் வெடி கொளுத்தும்போது நாயைக் கட்டி வைக்காமல், ஒதுங்க ஒரு மூலை கொடுங்கள். நடுங்கும் நாயை ஏசாதீர்கள். அந்த நேரம் வீட்டில் நடுங்கும் பிள்ளை இருந்தால், அதையும் ஏசாதீர்கள்.

கடைசிக் கேள்வி

பெஸ் 2023இல் இறந்தது. 14 வயது. சிறுநீரகம் பழுதாகி, சாப்பாடு இறங்காமல் போனது. இனி வேதனை மட்டும்தான் என்று மிருக வைத்தியர் சொன்னபோது, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பெடியன் இரவோடிரவாக வீட்டுக்கு வந்தான். ஊசி போடும்போது அதன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான்.

அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "கடைசி வரைக்கும் நான் பக்கத்தில இருந்தனான், சித்தி" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

"சித்தி, அண்டைக்கு மணியை அவிட்டுத்தானே விட்டனீங்கள்?"

எனக்கு மூச்சு நின்றது. மூட்டைகளுக்கு மேல் இருந்த பிள்ளைக்கு, நான் சங்கிலியைக் கழற்றியது தெரிந்திருக்கவில்லை. மணி ஓடி வராமல் படலையடியில் இருந்ததைத்தான் கண்டிருக்கிறான். கட்டிப்போட்டுவிட்டு வந்தோம் என்று 14 வருடமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். கேட்கப் பயம். நாங்களும் ஒருநாளும் சொல்லவில்லை, அதைப் பற்றிக் கதைத்தால் அவன் அழுவான் என்று.

"அவிட்டுத்தானடா விட்டனான். என்ர கையாலதான் சங்கிலியைக் கழட்டினனான். அது தானாத்தான் வீட்டை விட்டு வரேல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் அழுதான். நானும் அழுதேன். பிறகு மணியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அது கோழிக் கூட்டுக்குக் காவல் இருந்ததை, அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதை, மழைக்கு அடுப்படிக்குள் வந்து ஏச்சு வாங்கியதை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கேட்காத கேள்வியோடு ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அது நாயைப் பற்றியதாகவும் இருக்கலாம். அற்ப விடயம் என்று விடாமல், ஒரு நாள் நீங்களே கதையைத் தொடங்கிப் பாருங்கள்.